ஒன்பதாம் படுக்கையில் ஓர் ஆய்வாளர்

“கோழி அறுக்கறதப் பாத்தாலே மயங்கி விழுறவ. இவ போய் ஆஸ்பத்திரிய செக் பண்ணப் போறாளாம்.”

எனக்கு வேலை கிடைத்த அன்று வள்ளி அத்தை வழங்கிய வாழ்த்துரை இது. அத்தை என் அப்பாவின் தங்கை. அரியமங்கலத்தில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

சித்தி மகளுக்குக் காது குத்தியபோது மயங்கியிருக்கிறேன். (குத்தப்பட்டவள் சிரித்துக்கொண்டு மிட்டாய் தின்றாள்.) பத்தாம் வகுப்பில் தவளையை அறுத்துக் காட்டும் பாடத்தின்போது மயங்கியிருக்கிறேன். தவளைகூட இல்லை, புத்தகத்தில் இருந்த படம்.

ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா லேத் பட்டறையில் இரும்பு தூக்குகிறார். அம்மா சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மாவரைக்கிறாள். இருவருக்கும் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். நான் பட்டப்படிப்பு முடித்து, அதற்கு மேல் மருத்துவமனை நிர்வாகத்தில் ஒரு பட்டயமும் வாங்கினேன். அந்தப் படிப்பில் இரத்தம் வரும் பாடம் ஒன்றுகூட இல்லை. விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

வேலை இதுதான். அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஓர் அட்டை உண்டு. அதைக் காட்டினால் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனையிலும் காசு கொடுக்காமல் சிகிச்சை பெறலாம். செலவை அரசு பிறகு மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். கொடுப்பதற்கு முன்னால், அந்த நோயாளி உண்மையிலேயே அங்கே படுத்திருக்கிறாரா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த யாராவதுதான் நான். பதவியின் பெயர் கள ஆய்வாளர். ஒப்பந்த வேலை. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரு தவறு செய்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நேர்காணலில் மாவட்ட அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் ஒரு மருத்துவர். அதிகம் பேசாதவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் வெறும் ‘மேடம்’.

“ரத்தம், ஊசி, இதெல்லாம் பாத்தா உங்களுக்கு பயம் இருக்கா?”

“இல்லவே இல்லை மேடம்,” என்றேன். அந்த ‘வே’ தேவையில்லாதது என்று வெளியே வந்த பிறகு தோன்றியது.

முதல் ஆய்வு ஒரு வியாழக்கிழமை அமைந்தது. ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. (பெயர் சொல்ல மாட்டேன். விசாரணை இன்னும் நடக்கிறது.) முன்னறிவிப்பு இல்லாமல் போகும் ஆய்வு என்பதால் மேடம் ஒரு வழிமுறை வைத்திருந்தார். வாசலில் யாரென்று சொல்லக்கூடாது. நோயாளியைப் பார்க்க வந்த உறவினர் மாதிரி நேராக வார்டுக்குப் போக வேண்டும். படுக்கைகளையும் ஆட்களையும் எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். சினிமா மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது.

அன்று காலை நான் செய்த முட்டாள்தனங்களில் முதலாவது, புடவை. அதுவரை நானாகப் புடவை கட்டியதில்லை. அத்தையே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அது என்னைச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டி மாதிரி நின்றது. அதைக் கட்டி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் போனதால் காலைச் சாப்பாடு கிடையாது. இரண்டாவது, அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பாவை வேண்டுமென்றே அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போனது. டிபன் டப்பாவோடு வரும் ஆய்வாளரை யார் மதிப்பார்கள் என்பது என் எண்ணம். மூன்றாவது, அம்மா எப்போதும் செய்யச் சொல்வதுபோல வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் கைப்பையில் திணித்துக்கொண்டது. ரேஷன் அட்டை, ஆதார், எங்கள் குடும்பத்தின் காப்பீட்டு அட்டை, எல்லாம்.

சத்திரத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி இறங்கியபோது மணி பதினொன்று. வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நேராக உள்ளே போனேன். நாட்டின் கஜானாவே என் கைப்பையில் பத்திரமாக இருப்பது போன்ற நடை. இடதுபுறம் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவருடைய காலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டின் கடைசிச் சுற்று வரைக்கும் நான் பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது கூரை. இரண்டு மின்விசிறிகள் ஓடாமல் இருந்தன. ஒரு மூலையில் ஈரம் கசிந்து இலங்கை வரைபடம் மாதிரி ஒரு கறை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் அக்கா, “காலைல சாப்பிடலையாம்மா? மயக்கம்தான், வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் படுத்திட்டுப் போயிடலாம்,” என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட்டுகளை என் கையில் வைத்தார். நல்ல மனுஷி. இன்றுவரை அவருக்கு என் நன்றி உண்டு. ஏன் என்பது பின்னால் வரும்.

அவர் நகர்ந்ததும் ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசைப் பொறுப்பாளர் அவர். வீட்டுக்குத் தகவல் சொல்ல போன் நம்பர் தேடுவதாகச் சொல்லி என் கைப்பையைத் திறந்திருந்தார். அடியில் இருந்த என் அடையாள அட்டை அவர் கண்ணில் படவில்லை. மேலே இருந்த காப்பீட்டு அட்டைதான் பட்டது. அதை என் நெஞ்சின் மேல் வைத்து, “இதப் பிடிச்சுக்கம்மா, இங்க பாரு,” என்றார். பார்த்தேன். அவர் போனில் ஒரு வெளிச்சம் மின்னியது. பிறகு ஒரு சின்னக் கருவியை நீட்டி, என் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினார்.

அட்டையோடு படுக்கையில் ஒரு படம், கருவியில் ஒரு கைரேகை. நோயாளியைத் திட்டத்தில் சேர்ப்பதற்கு இவை இரண்டும்தான் முதல் படி. எங்கள் பயிற்சியின் மூன்றாம் நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். அன்றைக்கோ, பாவம் நாடி பார்க்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

தெளிவு வந்தபோது எனக்கு ஒரே ஒரு கவலைதான். நான் யாரென்று இவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆய்வுக்கு வந்த ஆள் ஆய்வுக்கு முன்பே விழுந்தாள் என்று மேடம் காதுக்குப் போனால் சோதனைக் காலம் அன்றோடு முடிந்தது. அத்தையின் இஸ்திரி வண்டி வழியாக அந்தச் செய்தி அரியமங்கலம் முழுக்க மடித்து விநியோகமாகும். ஆகவே படுத்தபடியே, பிஸ்கட்டைத் தின்றபடியே, வேலையை முடித்தேன். பன்னிரண்டு படுக்கை. என்னையும் சேர்த்து ஐந்து பேர். என் தலைமாட்டில் எழுதியிருந்த எண் ஒன்பது. குளுக்கோஸ் முடிந்ததும் நர்ஸ் ஊசியைப் பிடுங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பிறகு அட்டைப்பெட்டிப் புடவையோடு வெளியே ஓடினேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அதில் ஒரு பொய்யும் கிடையாது. ‘வார்டில் ஒரு மணி பத்து நிமிடம் இருந்து நேரில் ஆய்வு செய்தேன். பன்னிரண்டு படுக்கைகளில் ஐந்து பேர் இருந்தனர். இரண்டு மின்விசிறிகள் ஓடவில்லை. கூரையில் நீர்க்கசிவு உள்ளது. பொறுப்பாளர் அவரது இருக்கையில் இல்லை.’ (என் தலைமாட்டில் அல்லவா நின்றுகொண்டிருந்தார்.) நான் எந்த நிலையில் இருந்து ஆய்வு செய்தேன் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

மேடம் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எல்லாரும் அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடுவாங்க. நீங்க ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கீங்க. கூரையக்கூடப் பாத்திருக்கீங்க. இத்தனை வருஷத்துல எந்த ஆய்வாளரும் மேல பாத்ததில்ல.”

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். வேறெங்கே பார்ப்பது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவின் போனுக்கு வாரம் முழுவதும் வரும் குறுஞ்செய்திகளை அவர் ஒன்றையும் அழிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்குப் பிறகு போனை என் கையில் கொடுப்பார். நான் எல்லாவற்றையும் உரக்கப் படித்து, ஆங்கிலமாக இருந்தால் தமிழில் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர், ரீசார்ஜ், வங்கியிலிருந்து கடன் தருகிறோம் என்று யாரோ. அம்மா சுவரில் சாய்ந்து கேட்பாள். அத்தையும் வந்துவிடுவாள். எட்டு வயதில் ஆரம்பித்த உத்தியோகம் இது. என் முதல் அரசு வேலை என்று அப்பா சொல்வார்.

அந்த ஞாயிறு நான்காவது செய்தியில் என் குரல் நின்றது. ஆங்கிலத்தில் இருந்தது. ‘உங்கள் குடும்ப உறுப்பினர் செல்வராணி, வயது இருபத்து மூன்று, கடுமையான டெங்கு காய்ச்சலுக்காக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளார். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது.’

செல்வராணி என்கிற நான் தோசை தின்றுவிட்டு விரல் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன பாப்பா அது?” என்றார் அப்பா.

“ரீசார்ஜுப்பா,” என்றேன்.

“நீளமா இருக்கே. ரீசார்ஜுன்னா ரெண்டு வரிதானே வரும்?” போனைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, என்னிடமே கொடுத்தார். “சரி, நீ சொன்னா சரிதான்.”

பதினைந்து வருடத்தில் நான் அவருக்கு மாற்றிப் படித்த முதல் செய்தி அது. ஐந்தாவது செய்தியைப் படித்தேன். ஆறாவதையும் படித்தேன். என்ன படித்தேன் என்று நினைவில்லை. அம்மா தட்டுகளை எடுக்க எழுந்தபோது, “அப்பா, ஒண்ண மாத்திப் படிச்சிட்டேன்,” என்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டுப் பிரித்த கால், குளுக்கோஸ், பிஸ்கட், கட்டைவிரல், எல்லாம்.

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அம்மா எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து வியாழக்கிழமைத் தயிர்சாத டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். (அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. மூக்கு என்று ஒன்று இருக்கிறதே.) அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“நீ மாத்திப் படிச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு போனைத் தடவிக்கொண்டே, “பட்டறைல எல்லார்ட்டயும் இந்த அட்டை இருக்கு. அவங்களுக்கும் இதே மாதிரி வரும்ல? அவங்க வீட்டுல படிக்கிறதுக்கு யாரு இருக்கா?” என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. யாருக்கோ நிஜமாகவே டெங்கு வந்து படுக்கும்போது போய்ச் சேர வேண்டிய பணம் எனக்கு வராத டெங்குவுக்காகப் போகப்போகிறது. அதைத் தடுக்க ஒரே வழி, நான் மயங்கி விழுந்தேன் என்று மேடத்திடம் சொல்வது. வேலை போகலாம். முதல் பட்டதாரி, முதல் வாரத்திலேயே திரும்பி வந்தாள் என்று தெருவே பேசலாம்.

திங்கட்கிழமை அலுவலக வருகைப் பதிவுக் கருவியில் கட்டைவிரலை வைத்தேன். அந்த நிமிடத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒன்பதாம் படுக்கையில் நான் டெங்குவோடு போராடிக்கொண்டிருந்தேன், காகிதத்தில். நேராக மேடம் அறைக்குப் போய், அப்பாவின் போனை மேசைமேல் வைத்து, நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

அவர் செய்தியை இரண்டு முறை படித்தார்.

“இன்டர்வியூல பயமில்லன்னு சொன்னீங்க.”

“சொன்னேன் மேடம்.”

“பொய்யா?”

“ஆமா மேடம்.”

“அறிக்கைல?”

“அது பொய் இல்ல மேடம். ஃபேன் நிஜமாவே ஓடல.”

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். எங்கள் அலுவலகக் கூரையில் எல்லா விசிறியும் ஓடியது. பிறகு எழுந்து, “வாங்க, உங்களப் பாத்துட்டு வருவோம்,” என்றார்.

இந்த முறை சுடிதார், பின்னிய தலை, கழுத்தில் அடையாள அட்டை, வயிற்றில் நான்கு இட்லி. மேடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நடந்தேன். கண்ணாடிக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். அன்றைக்கு அவர் என்னைப் பார்க்கவே இல்லை, போன் திரையைத்தான் பார்த்தார்.

ஒன்பதாம் படுக்கை காலியாக இருந்தது. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“இந்த பேஷண்ட் எங்க?” என்றார் மேடம்.

“செல்வராணியா மேடம்? இப்பதான் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.” ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அந்த மனிதர். “ரொம்ப சீரியஸா வந்தாங்க மேடம். பாவம், சின்னப் பொண்ணு. இன்னும் பேச்சு வரல.”

பேச்சு வராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“சேர்க்கும்போது எடுத்த போட்டோ இருக்கா?”

கோப்பைத் திறந்து பெருமையோடு நீட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான படம் எடுக்கப்பட்டதில்லை. பாதிக் கண் திறந்து, வாய் முழுதாகத் திறந்து, உதட்டில் பிஸ்கட் தூளோடு, அட்டையைப் பரிசுக் கேடயம் மாதிரி நெஞ்சில் பிடித்தபடி நான். மேடம் படத்தைப் பார்த்தார். நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் கண்களும் அதே பாதையில் போய் வந்து, என் கழுத்தில் தொங்கிய அட்டையில் வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து அதே நர்ஸ் அக்கா மருந்துத் தட்டோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, அன்னிக்கு சாப்பிடாம வந்து விழுந்த பொண்ணுதானே நீ? ஒரு மணி நேரத்துல எழுந்து ஓடிட்டியே. இன்னைக்காவது சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன் சிஸ்டர்,” என்றேன்.

மேடம் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். “பேஷண்டுக்குப் பேச்சு வந்துடுச்சு. ஸ்கேன் ரிப்போர்ட் எப்பங்க வரும்?”

அவருக்குத்தான் பேச்சு வரவில்லை. வியர்த்துக் கொட்டி நாற்காலியில் சரிந்தார். நர்ஸ் அக்கா அவருக்கும் தண்ணீர் கொடுத்தார். அவருடைய காப்பீட்டு அட்டையை நாங்கள் யாரும் தேடவில்லை.

அன்று மாலைவரை உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்தோம். கோப்பில் பதினொரு உள்நோயாளிகள், படுக்கையில் நான்கு பேர். மீதி ஏழு பேரில் ஒருத்தி நான். மற்ற ஆறு பேர் தங்கள் தங்கள் ஊரில் வயலிலும் கடையிலும் ஆரோக்கியமாக இருந்தார்கள். நோயாளி என்பதே அவர்களுக்குத் தெரியாது. செய்தி வந்திருந்தது. படித்துச் சொல்லத்தான் யாருமில்லை. அந்த மருத்துவமனைக்குப் போகவிருந்த பணம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டியலிலிருந்தும் பெயரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். விசாரணைக் கோப்பின் முதல் பக்கத்தில், முதல் சான்றாக, வாயைத் திறந்துகொண்டு நான் இருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்ததும் மேடம் என் பணியை உறுதி செய்தார். கையெழுத்திட்ட தாளை நீட்டும்போது, “இனிமே சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படத்தின் நகல் எப்படி அத்தையின் கைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. (அப்பா மேல் சந்தேகம் உண்டு.) இஸ்திரி வண்டியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள். துணி கொடுக்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டாமல் அவள் பெட்டியைச் சூடேற்றுவதில்லை. “எங்க அண்ணன் பொண்ணு. விழுந்தாக்கூட சும்மா விழ மாட்டா, கேஸப் பிடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பா.” வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால், “ஒன்பதாம் நம்பர் பெட் காலியா இருக்கா?” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பும் நிற்கவில்லை. முதலில் பட்டறை ஆட்கள் நான்கு பேர் போனோடு வந்தார்கள். இப்போது எங்கள் வாசலில் வரிசை நிற்கிறது. வரிசையை ஒழுங்கு செய்வது அத்தை. போன வாரம் வெல்டிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரின் போனில் ஒரு நீளமான செய்தி இருந்தது. அவர் மனைவி லால்குடியில் ஒரு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை இரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறாராம். அந்த அக்கா அவர் பக்கத்திலேயே நின்று வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் படித்துச் சொன்னேன்.

அந்த டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளின் இரத்தம் கண்ணெதிரே கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் ஓடும். அலுவலகத்தில் யார் போகிறீர்கள் என்று மேடம் கேட்டபோது என்னை மட்டும் பார்க்கவில்லை. நான்தான் கையைத் தூக்கினேன்.

இதைச் சத்திரத்தில் லால்குடி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. வயிற்றில் ஐந்து இட்லி, பையில் தயிர்சாத டப்பா. காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

நின்றால் படுக்கைகளை எண்ணுவேன். விழுந்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.